தூங்குமூஞ்சிக்கு ஒதுக்கின நேரம்

— அப்படியே மூடி ஓரமா வை. கேக்கை இப்ப வெட்ட வேண்டாம்.

— ஏன்க்கா, கத்தி இல்லையா? ஆகாயத்துல டெலஸ்கோப் ஓட்டுற ஆபீஸ்ல ஒரு கத்தி வச்சுக்க மாட்டீங்களா?

— கத்தி இருக்கு. நீ முதல்ல உட்காரு.

— நீ உட்காருன்னு சொன்னாலே ஏதோ கெட்ட சேதின்னு அர்த்தம். அப்பாவோட ஸ்கூட்டரைக் கொண்டுபோய் மதில்ல இடிச்சியே, அன்னைக்கும் இப்படித்தான் என்னை உட்கார வச்சே.

— இது ஸ்கூட்டரைவிடப் பெரிய விஷயம். இன்னைக்குச் சாயங்காலம் உனக்கு டெலஸ்கோப் நேரம் கொடுத்திருந்தோமே.

— கொடுத்திருந்தோமா? என்ன, செத்தவங்களைப் பத்திப் பேசற மாதிரி பேசறே? அதுக்காகத்தானே கேக்கை மடியில வச்சுக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். என் தூங்குமூஞ்சிக் கருந்துளை பக்கம் அது திரும்பறதை உன் திரையிலேயே பார்க்கணும்னு.

— திரும்பாது போல இருக்கு.

— என்னது?

— காலையில ஒரு அவசர விண்ணப்பம் வந்துச்சு. வானத்துல புதுசா ஒண்ணு எரிய ஆரம்பிச்சிருக்கு. நேத்து வரைக்கும் அந்த இடம் காலி மனை. இன்னைக்கு எக்ஸ்ரேல பளபளன்னு நிக்குது. அடங்கிப் போறதுக்குள்ள நம்ம டெலஸ்கோப்பைத் திருப்பிப் பார்க்கச் சொல்றாங்க.

— தாராளமா திருப்பு. நான் என்ன குறுக்கேயா நிக்கறேன்? என்னோடது முடிஞ்சதும் திருப்பு.

— உன்னோடது முடிய நாளைக்கு மத்தியானம் ஆகும். அதுக்குள்ள சூரியன் அந்தப் பக்கம் வந்துடும். வெயில்ல டெலஸ்கோப்பை நீட்டினா அதோட கண்ணு போயிடும்னு உனக்குத் தெரியாதா? அப்புறம் பல மாசத்துக்கு அந்தத் திசையே பூட்டு.

— இரு. எந்தத் திசை? அது என் திசை இல்ல?

— உன் திசையேதான். உன் தூங்குமூஞ்சிக்குப் பக்கத்து வீடு மாதிரி உட்கார்ந்திருக்கு. அதுதானே தலைவலி.

— பக்கத்து வீடுன்னா ரெண்டு பேரையும் ஒரே படத்துல பிடிச்சுடு. கல்யாண வீட்டுல நிக்க வைக்கற மாதிரி கொஞ்சம் நெருங்கி நில்லுங்கன்னு சொல்லு.

— அதையும் போட்டுப் பார்த்துட்டேன். படத்தோட விளிம்பைத் தாண்டி ஒரு தலைமுடி அளவு வெளியே விழுது.

— நல்லா இருக்கு நியாயம். இத்தனை பெரிய வானத்துல அதுக்கு வேற இடமா கிடைக்கல?

— அந்தப் பக்கம் எப்பவுமே ஜன நெரிசல்தான்டி. பால்வீதியோட நடு மையம். தடுக்கி விழுந்தா ஒரு நட்சத்திரத்து மேலதான் விழணும்.

— சரி, பாதிப் பாதி. எனக்குப் பாதி நேரம், அந்தத் திடீர்ப் பணக்காரனுக்குப் பாதி நேரம்.

— யாரு திடீர்ப் பணக்காரன்?

— நேத்து வரைக்கும் காலி மனை, இன்னைக்குப் பளபளன்னு நிக்குதுன்னா வேற என்னன்னு சொல்றது?

— உன் தூங்குமூஞ்சி எவ்வளவு மங்கல்னு நீயே எழுதியிருக்கே. பாதி நேரம் பார்த்தா ஒண்ணும் தெரியாது, முழு நேரம் பார்த்தாலே சந்தேகம்தான்னு உன் விண்ணப்பத்துல ஒரு பக்கம் முழுக்க அழுதிருக்கே. அவசர விண்ணப்பம் போட்டவரும் இடைவெளியே விடக்கூடாதுங்கறார். நிமிஷத்துக்கு நிமிஷம் நிறம் மாறுதாம். பாதிப் பாதின்னு பிரிச்சா ரெண்டு பேருக்குமே பட்டினி.

— அப்ப வேற யாரையாவது தள்ளு. அட்டவணையைக் காட்டு. இதோ, இது யாரு? வாரம் முழுக்க வளைச்சுப் போட்டிருக்காரு. விண்மீன் கூட்டமாம். அது கோடிக்கணக்கான வருஷமா அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கு. ரெண்டு நாள் தள்ளினா கால் மரத்துப் போயிடுமா?

— அவரைத் தள்ளினா நாளன்னைக்குத்தான் இடம் காலியாகும். நாளன்னைக்கு உங்க தெருவுல வெயில். தெரு மூடறதுக்கு முன்னாடி இருக்கறது ஒரே ஒரு இடம். அதுக்கு ஆள் ரெண்டு.

— எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கே.

— காலையிலேர்ந்து இதே வேலையா உட்கார்ந்திருக்கேனே. உன்னைத் தள்ளாம இருக்க எத்தனை வழி இருக்கோ, அத்தனையையும் பார்த்தாச்சு.

— கத்தியைக் கொடு.

— எதுக்குடி?

— பயப்படாதே, கேக்குக்குத்தான். கோபம் வந்தா எனக்குப் பசிக்கும்.

— இந்தா. அந்த விசைப்பலகை மேல சிந்தாம சாப்பிடு. போன வாரம் யாரோ பிஸ்கட் தின்னு, இன்னும் ஒரு பொத்தான் அமுங்க மாட்டேங்குது.

— உனக்கும் ஒரு துண்டு வைக்கறேன். எதிரிக்கும் சோறு போடணும்னு சொல்லி வளர்த்தவ அம்மா. அது இருக்கட்டும், உங்க தலைவர் என்ன சொன்னார்? அவர்கிட்ட கேட்டியா?

— கேட்டேன். தங்கச்சி விஷயம், நான் முடிவெடுத்தா நல்லா இருக்காது, நீங்களே சொல்லிடுங்கன்னேன். உங்க நேர்மையில எனக்குப் பூரண நம்பிக்கைன்னு சொல்லிட்டுப் பல்லு பிடுங்கப் போயிட்டார்.

— தப்பிச்சுட்டார்.

— பல் வலி நிஜமா இருந்தாலும் இருக்கும். இப்ப என் நிலைமையைப் பாரு. உன்னைத் தள்ளினா கூடப்பிறந்தவளையே கவுத்துட்டான்னு அம்மா ஒரு வருஷத்துக்கு மூக்கைச் சிந்துவா. அந்த விண்ணப்பக்காரரைத் தள்ளினா, தங்கச்சிக்குன்னா டெலஸ்கோப்பையே எடுத்து மடியில கட்டிக்கொடுப்பான்னு இந்தக் கட்டடம் முழுக்கப் பேசும்.

— பேசினா பேசட்டும். நான் என்ன குறுக்கு வழியிலயா வந்தேன்? மூணு தடவை கேட்டேன்க்கா. முதல் தடவை, ஒண்ணுமே நடக்காத இடத்தைப் பார்க்க எதுக்கு இத்தனை நேரம்னு திருப்பி அனுப்பினாங்க. ரெண்டாம் தடவை, சுவாரஸ்யமா இருக்கு, ஆனா ஒண்ணும் நடக்கலையேன்னாங்க. மூணாவது தடவைதான் யாரோ ஒரு புண்ணியவான் சரின்னார்.

— தெரியும்டி.

— அம்மாகூட கேட்டா. என்னத்தைடி பார்க்கப் போறேன்னா. ஒரு கருந்துளைம்மா, பக்கத்துல இருக்கற நட்சத்திரத்துகிட்டேர்ந்து வழிச்சு வழிச்சுத் தின்னுட்டு, முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆட்டம் ஆடிட்டு, படுத்துத் தூங்கிடுச்சுன்னேன். அது தூங்கினா உனக்கென்னன்னா. தூக்கத்துலயும் வாய் அசைக்குதா, கொஞ்சம் கொஞ்சமா தின்னுக்கிட்டே இருக்கான்னு பார்க்கணும்மான்னேன். அப்படியே உங்க அப்பா மாதிரின்னு சொல்லிட்டு போனை வச்சுட்டா.

— அம்மாவுக்கு நல்லாவே புரிஞ்சிருக்கு.

— சிரிக்காதே. இந்த வருஷத்தோட என் வேலை முடியுது. இந்தப் படம் வந்தா இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்கறோம்னு சொல்லியிருக்காங்க. வரலைன்னா நான் பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கப் போகணும். எனக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு இன்னமும் தகராறு.

— அதுவும் தெரியும். அதனாலதான் போன்ல சொல்லாம, நேர்ல வரட்டும்னு இருந்தேன்.

— முடிவே பண்ணிட்டியா அப்ப?

— இன்னும் அனுப்பல. மூணு மணிக்குள்ள டெலஸ்கோப்புக்குக் கட்டளை போகணும். உன்கிட்ட சொல்லாம அனுப்பக்கூடாதுன்னு வச்சிருக்கேன்.

— யாரு அனுப்பினது இந்த விண்ணப்பத்தை? எவன் அந்தத் திடீர்ப் பணக்காரனுக்குத் தரகன்?

— "அதாவது."

— அதாவது என்ன?

— அதாவது ஒண்ணும் இல்ல. அவரேதான். "அதாவது."

— ஐயய்ய, அவரா? போன வருஷக் கூட்டத்துல வணக்கம் சொல்லவே ஏழெட்டு அதாவது போட்டாரே, அவரா?

— அவரேதான். புதுசா ஒரு சின்ன கேமராவை விண்வெளிக்கு அனுப்பியிருக்காங்க இல்ல, வானத்தை மொத்தமா பார்க்கறது, அதுக்கு அவர்தான் பொறுப்பு. அது எல்லாத்தையும் பார்க்கும், ஆனா எதையும் தெளிவா பார்க்காது. அங்க ஏதோ மினுங்குதுன்னு சொல்லும். கிட்டப்போய்ப் பார்க்க நம்மளைத்தான் கூப்பிடணும்.

— மினுங்கினது என்னன்னு பார்த்தாங்களா முதல்ல? ஏதாவது செயற்கைக்கோள் முதுகுல வெயில் பட்டிருக்கும்.

— இல்ல, நான் சரிபார்த்தேன்.

— கேமராவுல தூசி விழுந்திருக்கும்.

— தூசி இப்படி ஏறாது. இந்தா, நீயே பாரு. அவர் அனுப்பின வரைபடம்.

— எனக்கு வேண்டாம். நான் பார்க்க மாட்டேன்.

— சரி, பார்க்காதே. நான் மூடிடறேன்.

— இரு. ஏன் இப்படிச் செங்குத்தா நிக்குது?

— ஏறிக்கிட்டிருக்கு.

— காலையில இங்க இருந்துச்சா? இந்தக் கீழ்ப் புள்ளியிலயா?

— ஆமா. இது எட்டு மணி. இது பத்து. கடைசிப் புள்ளி நீ மாடிப்படி ஏறி வரும்போது வந்தது.

— அக்கா, இது இன்னும் உச்சிக்கே வரல.

— வரல.

— நிறமும் வீரியமான எக்ஸ்ரே பக்கமே இருக்கு பாரு. இன்னும் மெத்துன்னு ஆகல. அப்படின்னா இப்பத்தான் வாயைத் திறந்திருக்கு. எப்பவும் பாதிச் சாப்பாட்டுலதான் நாம போய்ச் சேருவோம். முதல் கவளத்தை எத்தனை பேர் பார்த்திருக்காங்க?

— ஒரு கைவிரலுக்குள்ள எண்ணிடலாம்.

— சனியனே.

— யாரைச் சொல்றே?

— இதைத்தான். ஒரு வாரம் கழிச்சு எரியக்கூடாதா? வேற தெருவுல எரியக்கூடாதா? இப்படி ஒண்ணைக் கண்ணுல காட்டிட்டு, என் தூங்குமூஞ்சிதான் வேணும்னு எப்படிக்கா சொல்றது? சொன்னா நானே என்னை மதிக்க மாட்டேன்.

— நீ சொல்லலாம்டி. உனக்கு அந்த உரிமை இருக்கு. முறையா வாங்கின நேரம்.

— உரிமையைக் கொண்டுபோய் உப்புல போடு. நான் உன் நாற்காலியில இருந்தா என்ன பண்ணியிருப்பேன்? காலையிலேயே திருப்பிட்டு, தங்கச்சிக்கு ஒரு வரி செய்தி அனுப்பிட்டுக் காபி குடிச்சிருப்பேன். நீயாவது உட்கார வச்சுச் சொன்னே.

— நிஜமாத்தான் சொல்றியா?

— அவருக்கே கொடுத்துடு. சீக்கிரம் கொடு, மனசு மாறிடப் போகுது.

— அழுதுக்கிட்டே கேக் தின்னாதே, தொண்டையில அடைச்சுக்கும்.

— அழல. க்ரீம் மூக்குல ஏறிடுச்சு. ஆனா ஒரு நிபந்தனை. அவருக்கு இப்பவே போன் போடு. என் நேரத்தை எடுத்துக்கறவர்கிட்ட நான் நாலு கேள்வியாவது கேட்கணும். பொண்ணைக் கட்டிக்கொடுக்கறப்போ விசாரிக்க மாட்டோமா, அந்த மாதிரி.

— கேலி பண்ணக்கூடாது.

— மாட்டேன். ஸ்பீக்கர்ல போடு.

— வணக்கம் சார், அட்டவணைப் பிரிவிலேர்ந்து பேசறேன். உங்க விண்ணப்பத்தைத்தான் பார்த்துக்கிட்டிருக்கோம்.

— அதாவது, வணக்கம்மா. அதாவது, ரொம்ப மகிழ்ச்சி. அது இன்னும் ஏறுதும்மா. நான் காலையிலேர்ந்து சட்டையைக்கூட மாத்தல.

— சார், வணக்கம். அந்த நேரத்துக்குச் சொந்தக்காரி நான்தான். உங்களுக்காக விட்டுக்கொடுத்தவ.

— அதாவது... என்னம்மா சொல்றது? எனக்கு ரொம்பச் சங்கடமா இருக்கு. அதாவது, உங்க இடத்துல நான் இருந்தா இந்நேரம் சண்டைக்கு வந்திருப்பேன்.

— சண்டை போட்டு முடிச்சாச்சு சார், அக்காகிட்ட. ஒரே ஒரு சந்தேகம். அந்த இடத்துல இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லைன்னு எழுதியிருக்கீங்களே, எதை வச்சுச் சொல்றீங்க?

— அதாவது, கம்ப்யூட்டர்ல அந்த விலாசத்தைப் போட்டுத் தேடினேன். காலி. அதுக்கும் முன்னாடியே என் கண்ணால பார்த்துட்டேன்.

— கண்ணாலயா?

— அதாவது, எங்க கேமரா தானா விலாசம் போட்டுக் கொடுக்கும். அந்தப் பகுதி ரெண்டு நாளா மக்கர் பண்ணுது. படம் மட்டும்தான் வருது. அதனால என்ன பண்ணேன், படத்தைப் பெருசா அச்செடுத்து, என் அறைச் சுவர்ல இருக்கற வான்படத்து மேல வச்சு, நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் ஒட்ட வச்சுப் பார்த்தேன். அச்சா பொருந்திச்சு. ஓரத்துல இருக்கற எண்ணைப் படிச்சு விண்ணப்பத்துல எழுதிட்டேன். சுவர்ப் படத்துல அந்த இடத்துல ஒரு புள்ளிகூடக் கிடையாது.

— கையால ஒட்ட வச்சுப் பார்த்தீங்களா? உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு சார். அந்தச் சுவர்ப் படம் எப்ப அச்சடிச்சது?

— அதாவது, எங்க கல்யாணத்துக்கு என் வீட்டுக்காரி கொடுத்த பரிசு.

— கல்யாணம் எப்ப சார்?

— அதாவது... இரும்மா. வீட்டுக்காரி பக்கத்துலதான் இருக்கா, தப்பாச் சொன்னா ராத்திரிச் சாப்பாடு கிடைக்காது. நாற்பது வருஷம் இருக்கும். இருக்கும் இல்ல? நாற்பத்தொண்ணாம்.

— அக்கா.

— கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— நாற்பத்தொரு வருஷத்துப் படம்க்கா. அதோட ஓரத்துல இருக்கறது பழைய நம்பர்.

— அதாவது, பழைய நம்பர்னா... அடடா.

— பூமி பம்பரம் மாதிரி தலையாட்டுதே சார். வானத்துல எல்லா விலாசமும் மெள்ள நகர்ந்துக்கிட்டே இருக்கு. தெருவுல பழைய எண், புதிய எண்னு கதவுல ரெண்டு எழுதியிருப்பாங்களே, அந்தக் கதைதான். நீங்க பழைய எண்ணைப் பார்த்துட்டு, புதிய எண் கட்டத்துல எழுதியிருக்கீங்க.

— அதாவது, நான் எத்தனை மாணவர்களை இதுக்காகத் திட்டியிருக்கேன் தெரியுமாம்மா? கம்ப்யூட்டர்லயும் அதே தப்பு எண்ணைப் போட்டுத்தான் தேடியிருக்கேன். காலியா இல்லாம வேற எப்படி இருக்கும்?

— விடுங்க சார், கட்டளை இன்னும் போகல. போயிருந்தா ராத்திரி முழுக்க வேற யார் வீட்டு வாசல்லயோ நின்னு கதவைத் தட்டிக்கிட்டிருப்போம். என் நேரமும் போய், உங்க நேரமும் போயிருக்கும். அக்கா, நீ அதைப் புது எண்ணுக்கு மாத்து.

— மாத்திக்கிட்டுத்தான் இருக்கேன். பேசாம இரு, எண்ணு குழம்பும்.

— ரொம்ப தூரம் தள்ளிப் போகுமா? தள்ளிப் போயி, வெயில் படாத தெருவா இருந்தா அவரை அடுத்த வாரத்துக்கு மாத்திடலாம் இல்ல? எனக்கு என் நேரம் திரும்பக் கிடைக்கும் இல்ல? ஒரு பேச்சுக்குக் கேட்கறேன்.

— கொடுத்த பொண்ணைத் திருப்பிக் கேட்கறியா? அவ்வளவு தூரமெல்லாம் போகாது. அதே பேட்டைதான்.

— அதாவது, அம்மா, அந்தப் பொண்ணு கேட்கறதுலயும் நியாயம் இருக்கு. தப்பு என்னோடது. அதாவது, அவங்க நேரம் அவங்களுக்கே இருக்கட்டும்னு நான் எழுதிக் கொடுத்துடட்டுமா?

— வேண்டாம் சார். நான் சும்மா சொன்னேன். முதல் கவளம் சார் அது. நீங்களே பாருங்க. எனக்கு ஒரு பிரதி மட்டும் அனுப்புங்க.

— அதாவது, நீங்க நல்லா இருக்கணும்மா.

— அக்கா, என்ன ஆச்சு? புது எண் வந்துச்சா?

— வந்துச்சு.

— டெலஸ்கோப் அட்டவணைக்குப் போட்டியா?

— போட்டேன். உன் இடத்துலேர்ந்து இன்னும் எவ்வளவு திருப்பணும்னு கேட்டேன். ரெண்டாம் தடவையும் கேட்டுட்டேன்.

— எவ்வளவு திருப்பணுமாம்? ஏன்க்கா என்னை அப்படிப் பார்க்கறே?

— திருப்பவே வேண்டாமாம். முழிச்சுக்கிட்டது உன் தூங்குமூஞ்சிடி.